உராய்வும் தேய்மானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரப் பராமரிப்பிலும், பிறகு அதையே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலும் இருந்த காலத்தில், ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும் என்பதால், முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

உராய்வும் தேய்மானமும் ஒண்ணுதானே சார்? உராய்வு ஜாஸ்தின்னா தேய்மானமும் ஜாஸ்தி, அவ்வளவுதானே?

இல்லை. நகர்வை எதிர்க்கும் விசை உராய்வு. அதில் செலவாகும் ஆற்றல் பெரும்பாலும் சூடாக மாறிவிடும். பரப்பிலிருந்து பொருள் கழன்றுபோவது தேய்மானம். இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. பிரேக் லைனிங்கில் உராய்வு வேண்டுமென்றே அதிகமாக வைக்கப்படுகிறது, ஆனாலும் அது நெடுநாள் உழைக்கிறது. டெஃப்லான் இதற்கு நேர் எதிர். அதன் உராய்வுக் குணகம், அதாவது சுமையில் எத்தனை பங்கு உராய்வு விசை என்று சொல்லும் எண், 0.1-க்கும் கீழே இறங்கும். ஆனால் எதுவும் கலக்காத டெஃப்லான் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் குழாய்போன்ற உறை) சீக்கிரமே தேய்ந்துவிடும். கண்ணாடி இழையோ வெண்கலத் தூளோ கலந்தால் தேய்மானம் நூறு மடங்குக்குமேல் குறையும், உராய்வில் பெரிய மாற்றம் இருக்காது.

உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழுவின் அறிக்கையில்தான் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. தேய்ப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இதன் மூலம்.

பரப்புல இருக்கிற மேடுபள்ளம் ஒண்ணுல ஒண்ணு மாட்டிக்கிறதாலதானே உராய்வு வருது?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். கொஞ்சம் உண்மை, முழுதும் இல்லை. எவ்வளவு நன்றாகக் கடைந்த பரப்பிலும் மைக்ரான் அளவில் முகடுகள் இருக்கும். இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது சில முகடுகளின் உச்சிகள் மட்டுமே தொடும். மொத்தச் சுமையும் அந்தச் சில புள்ளிகளில் இறங்குவதால் அவை நசுங்கும். சுமையைத் தாங்கப் போதுமான பரப்பு உண்டாகும்வரை நசுங்கிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.மீ. நீள அகலம் உள்ள ஓர் எஃகுத் தகட்டின்மேல் 1000 நியூட்டன் சுமை. அந்த எஃகின் கடினத்தன்மை ஒரு சதுர மி.மீ.க்கு 2000 நியூட்டன் என்றால், உண்மையில் தொடும் பரப்பு அரை சதுர மி.மீ. மட்டுமே. நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் புள்ளிகளில் உலோகமும் உலோகமும் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. நகர்த்தும்போது அந்த ஒட்டுகளை அறுக்க வேண்டும்; கடினமான முகடு மென்மையான பரப்பை உழுதுகொண்டும் போகும். உலோகங்களில் உராய்வின் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பௌடனும் டேபரும் இதைத் தெளிவாக நிறுவினார்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த அரை சதுர மி.மீ.யில்தான் இருக்கிறது.

அப்போ தொடுற பரப்பை அகலமாக்கினா உராய்வு கூடணுமே? ஏன் கூடலை?

தகட்டை அகலமாக்கினாலும் சுமையும் கடினத்தன்மையும் மாறவில்லை. அதனால் உண்மையில் தொடும் பரப்பும் அதே அரை சதுர மி.மீ.தான். சுமையை இரட்டிப்பாக்கினால் அதுவும் இரட்டிப்பாகும், உராய்வும் இரட்டிப்பாகும். அமோன்டன்ஸ் 1699-இல் சோதனை செய்து சொன்ன விதிக்குக் காரணம் இதுதான். ரப்பருக்கு இந்த விதி சரியாகப் பொருந்தாது. அது உலோகம்போல நிரந்தரமாக நசுங்காமல் மீள்தன்மையோடு வளைந்து தொடுவதால், சுமை கூடும்போது அதன் உராய்வுக் குணகம் பொதுவாகக் குறையும்.

கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணிட்டா உராய்வே இருக்காதா?

ஓரளவுக்கு மேல் வழவழப்பாக்கினால் நிலைமை மோசமாகும். முகடுகள் குறையக் குறைய உண்மையாகத் தொடும் புள்ளிகள் நெருங்குகின்றன, ஒட்டும் வாய்ப்பு கூடுகிறது, எண்ணெய் தங்கவும் இடமில்லாமல் போகிறது. ஒரு புது சிலிண்டர் லைனரின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் வலைபோலத் தெரியும். ஹோனிங் செய்து, அதாவது சாணைக் கற்களால் தேய்த்து, வேண்டுமென்றே போட்ட கோடுகள் அவை. எண்ணெயைப் பிடித்துவைப்பது அவற்றின் வேலை. ஓடி ஓடி அந்தக் கோடுகள் மறைந்து உட்சுவர் கண்ணாடிபோலப் பளபளத்தால், அந்த இன்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்திருக்கும்.

புத்தகத்துல எஃகு மேல எஃகுக்கு உராய்வுக் குணகம் 0.6-ன்னு போட்டிருக்கு. அதை அப்படியே டிசைன்ல போடலாமா?

எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். அந்த 0.6 எஃகின் குணம் இல்லை. ஒரு சோடியின் குணமும் அந்தச் சோடி இருக்கும் சூழலின் குணமும் சேர்ந்து வந்த எண் அது. எதன்மேல் எது, என்ன வேகம், என்ன சூடு, காற்றில் ஈரம் எவ்வளவு, பரப்பில் எந்த ஆக்சைடு படலம் என்று எல்லாம் அதற்குள் அடக்கம். அதே எஃகுச் சோடியில் ஒரு துளி எண்ணெய் பட்டால் 0.1 பக்கம் வந்துவிடும். எண்ணெய்ப் படலம் முழுதாகப் பிரித்துவைத்தால் 0.001 முதல் 0.005 வரை இறங்கும்.

கிராஃபைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காற்றில் அருமையான உலர் மசகு. அதன் வழுக்கலுக்குக் காற்றிலுள்ள நீராவி வேண்டும். வெற்றிடத்தில் அதே கிராஃபைட் தூள்தூளாகத் தேய்ந்துபோகும். மாலிப்டினம் டைசல்பைடு வெற்றிடத்தில் நன்றாக வேலை செய்யும், ஈரக் காற்றில் அதன் தரம் குறையும். கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா 1991-இல் விரிய மறுத்தது. ஏவுவதற்கு முன் தரைவழியாகப் பலமுறை கொண்டுபோனபோது ஏற்பட்ட அதிர்வில் அதன் ஊசிகளில் இருந்த உலர் மசகுப் பூச்சு உரிந்து, பிறகு வெற்றிடத்தில் வெறும் உலோகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன என்பதே ஆய்வாளர்கள் சொன்ன காரணம். காற்றில் இருந்தவரை ஆக்சைடு படலம் காப்பாற்றியது. அதனால் அட்டவணை எண்ணை முதல் மதிப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிந்தால் உங்கள் சோடியை உங்கள் எண்ணெயில், உங்கள் வேகத்தில் சோதித்துப் பாருங்கள்.

தேய்மானத்துல எத்தனை வகை? பார்த்தவுடனே எது என்னன்னு சொல்ல முடியுமா?

புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறும். வேலைக்கு வேண்டியவை ஐந்து: ஒட்டுத் தேய்மானம், சிராய்ப்பு, களைப்பு, அரிப்பு, நுண்ணசைவுத் தேய்மானம். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச்சும் இருந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஓடும் திசையிலேயே நேர்நேரான, விளிம்பு கூரான கீறல்கள் இருந்தால் சிராய்ப்பு. எண்ணெயில் மண்ணோ உலோகத்தூளோ போயிருக்கிறது. பரப்பு கிழிந்து, ஒரு பாகத்தின் உலோகம் இன்னொன்றின்மேல் அப்பியிருந்தால் ஒட்டுத் தேய்மானம். படலம் உடைந்து உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கிறது. பேரிங் ஓடுபாதையிலோ கியர் பல்லிலோ தனித்தனிக் குழிகள், செதில் பெயர்ந்ததுபோல, அடியில் சொரசொரப்பாக இருந்தால் களைப்பு. திரும்பத் திரும்ப வந்த அழுத்தத்தில் விரிசல் வளர்ந்து பெயர்ந்திருக்கிறது. மங்கலான கறையும் சீரான சிறு குழிகளும் தெரிந்தால் ஈரமோ அமிலமோ அரித்திருக்கிறது. நுண்ணசைவு பற்றி அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

இந்தப் பட்டியலில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. வேகம் மாற்றும் டிரைவில் ஓடும் மோட்டாரின் பேரிங்கைத் திறந்தால், ஓடுபாதையில் ஏணிப்படிபோலச் சம இடைவெளியில் குறுக்கு வரிகள் தெரியலாம். அதற்குக் காரணம் ஷாஃப்ட் வழியாக பேரிங்கைக் கடக்கும் மின்னோட்டம். கிரீஸை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. மின்காப்புள்ள பேரிங்கோ ஷாஃப்டை எர்த் செய்யும் பிரஷ்ஷோ வேண்டும்.

இறுக்கமா பொருத்தின இடம், சுத்தவே சுத்தாது. அங்க எப்படிச் சிவப்பா தூள் வருது?

அதுதான் நுண்ணசைவுத் தேய்மானம். இறுக்கம் என்று நாம் நினைக்கும் இடத்தில், அதிர்வால் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை பரப்புகள் முன்னும் பின்னும் அசைகின்றன. அசைவு சிறியது என்பதால் கழன்ற தூள் வெளியே போக வழியில்லை. அங்கேயே ஆக்சைடாக மாறி, மேலும் தேய்க்கும் பொடியாகிவிடுகிறது. எஃகில் அது செம்பழுப்பு நிறமாக இருக்கும். வெறும் துரு என்று துடைத்துவிடுவார்கள். அந்த இடத்திலிருந்துதான் பல ஷாஃப்டுகளில் களைப்பு விரிசல் தொடங்குகிறது. துடைத்துவிட்டு அப்படியே மாட்டாதீர்கள், ஷாஃப்டின் அளவையும் பொருத்தத்தின் இறுக்கத்தையும் சரிபாருங்கள்.

நிறுத்திவைத்த இயந்திரத்தின் பேரிங்கிலும் இதே கதைதான். பக்கத்து இயந்திரத்தின் அதிர்வில் உருளைகள் நின்ற இடத்திலேயே நடுங்கி, உருளைக்கு உருளை சம இடைவெளியில் பள்ளம் விழும். மாற்றுக்கு வைத்திருக்கும் பம்பின் ஷாஃப்டை அவ்வப்போது கையால் சில சுற்றுகளும் ஒரு கால் சுற்றும் திருப்பி, வேறு நிலையில் நிறுத்திவைப்பது இதற்காகத்தான்.

தேய்மானத்தை முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா, இல்லை அனுபவம்தானா?

முடியும், ஆனால் தோராயமாக. 1953-இல் ஆர்ச்சர்டு வெளியிட்ட விதி எளிமையானது: கழன்றுபோகும் கனஅளவு, சுமைக்கும் வழுக்கிய தூரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும், மென்மையான பாகத்தின் கடினத்தன்மைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். நடைமுறையில் கடினத்தன்மையையும் அந்த விதியின் விகித மாறிலியையும் சேர்த்து, ஒரு நியூட்டன் சுமையில் ஒரு மீட்டர் வழுக்கினால் எத்தனை கன மி.மீ. போகும் என்று ஒரே எண்ணாக வைத்துக்கொள்வோம்.

30 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம் உள்ள பிளாஸ்டிக் புஷ். சுமை 500 நியூட்டன், பரப்பு வேகம் நொடிக்கு அரை மீட்டர். 1000 மணி நேரத்தில் வழுக்கும் தூரம் 18 லட்சம் மீட்டர். சோதனையில் கிடைத்த எண் பத்து லட்சத்தில் ஒரு கன மி.மீ. என்றால், மொத்தம் 900 கன மி.மீ. போகும். 30-ஐயும் 40-ஐயும் பெருக்கி வரும் 1200 சதுர மி.மீ.யால் வகுத்தால், ஆழம் 0.75 மி.மீ. அந்த ஓட்டைக்கு அனுமதித்த பிளே (தளர்வால் வரும் ஆட்டம்) 0.3 மி.மீ. என்றால் 400 மணியில் மாற்ற வேண்டும். இதை நாள்காட்டியில் குறித்துவைக்கும் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சோடிக்கே அந்த எண் பத்து மடங்கு மாறக்கூடும். இரண்டு வடிவமைப்புகளில் எது மேல் என்று ஒப்பிடத்தான் இந்தக் கணக்கு அருமையாகப் பயன்படும்.

எண்ணெய் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லதுதானே?

எண்ணெய் எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்று பார்த்தால் விடை தெரியும். 1880-களில் பிரிட்டனில் போசாம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விட பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். ஷாஃப்ட் சுழன்றதும் துளை வழியாக எண்ணெய் மேலே வழிந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையும் எண்ணெய் தள்ளிவிட்டது. அழுத்தமானியை வைத்துப் பார்த்தால், சுமையிலிருந்து கணக்கிட்ட சராசரி அழுத்தத்தைவிட மிக அதிகம். சுழலும் ஷாஃப்ட் எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, அந்த அழுத்தத்தில் தானே மிதக்கிறது. 1886-இல் ரெய்னால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார்.

ஆக, படலத்தின் தடிமன் எண்ணெயின் பாகுநிலை, வேகம், சுமை மூன்றையும் பொறுத்தது. 1902-இல் ஸ்டிரைபெக் வெளியிட்ட வளைகோடு இதைத்தான் காட்டுகிறது. வேகம் மிகக் குறைவாக இருக்கும்போது முகடுகள் தொட்டு உராய்வு அதிகம்; வேகம் ஏற ஏறப் படலம் தூக்கி உராய்வு அடிமட்டத்துக்கு இறங்கும்; அதற்குமேல் எண்ணெயின் சொந்த இழுவையால் மெல்ல ஏறும். வேகமாகச் சுழலும் இடத்தில் தடித்த எண்ணெய் போட்டால் சூடுதான் கூடும். சூட்டில் எண்ணெய் நீர்த்து, சீக்கிரம் கெடவும் செய்யும். பரப்புகளின் கரடுமுரட்டைப்போல மூன்று மடங்கு தடிமனில் படலம் இருந்தால் உலோகங்கள் தொடாது; ஒரு மடங்குக்குக் கீழே போனால் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்த தேய்மானத் தடுப்பு வேதிப்பொருள்கள் மட்டுமே. இயந்திரம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் எல்லா பேரிங்கும் இந்த ஆபத்தான பகுதியைக் கடந்துதான் போகும்.

கிரீஸ் நிறைய அடைச்சா பாதுகாப்புதானே?

இல்லை. பேரிங்குக்குள் உள்ள காலியிடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போதும். மிக மெதுவாகச் சுழலும் பேரிங்கில் கூடுதலாக வைக்கலாம். முழுதும் அடைத்தால் உருளைகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடாகும், எண்ணெய் பிரிந்து, அதைப் பிடித்துவைத்திருந்த சோப்பு மட்டும் மிஞ்சும். வேறு வகைச் சோப்பில் செய்த கிரீஸைப் பழையதன்மேலேயே ஏற்றுவது இன்னும் மோசம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சேர்ந்து தண்ணீர்போல ஒழுகிவிடும்.

20,000 மணி ஆயுள்னு கணக்கு வந்தது, 3,000 மணியிலேயே பேரிங் போயிடுச்சு. கணக்கு தப்பா?

அந்த ஆயுளின் பொருள் முதலில் தெரிய வேண்டும். ஒரே மாதிரியான பேரிங்குகளில் 90 சதவீதம் அந்த மணிகளைத் தாண்டும் என்பதே அதன் அர்த்தம். மீதி 10 சதவீதம் முன்னாலேயே போகலாம், உங்களுடையது அதில் ஒன்றாக இருக்கலாம். பந்து பேரிங்கில் சுமை இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். பெல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துக் கட்டுவதற்கு இவ்வளவு விலை.

கணக்கைச் சந்தேகிக்கும் முன் ஓடுபாதையைப் பாருங்கள். உள்வளையம் சுழலும் சாதாரணப் பொருத்தத்தில், உள்வளையத்தில் சுற்றிலும் ஒரு பட்டையும், வெளிவளையத்தில் சுமை விழும் பக்கம் மட்டும் ஒரு பட்டையும் தெரிய வேண்டும். இரண்டு வளையத்திலும் முழுச் சுற்றுக்கும் அழுத்தமான பட்டை இருந்தால், பொருத்தம் மிக இறுக்கம். நிற்கும் வளையத்தில் பட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாய்ந்து ஓடினால், ஷாஃப்டும் ஹவுசிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அந்தப் பட்டை சொல்வது கணக்கில் வராத சுமை.

எண்ணெய் சோதனை அறிக்கையில இரும்பு குறைவாத்தான் இருந்தது. அப்புறம் எப்படி கியர்பாக்ஸ் உடைஞ்சது?

வழக்கமான நிறமாலைச் சோதனை மிக நுண்ணிய துகள்களைத்தான் நன்றாக எண்ணும். ஐந்து முதல் பத்து மைக்ரானுக்குமேல் போனால் அதன் பார்வை மங்கிவிடும். நிதானமான தேய்மானம் நுண்ணிய துகள்களைத் தரும். களைப்பில் பெயரும் செதில்களோ பெரியவை. ஆபத்து முற்றும்போது வரும் துகளைத்தான் அந்தச் சோதனை பார்க்காமல் விடுகிறது.

அதனால் ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள். மடிப்புத்தாளை விரித்து, சுத்தமான கரைப்பானில் அலசி, அடியில் காந்தம் பிடித்துத் துகளைச் சேர்த்து லென்ஸில் பாருங்கள். லேத்தில் கடைந்ததுபோலச் சுருள்சுருளாக இருந்தால் வெட்டும் சிராய்ப்பு. தட்டையான பளபளப்பான செதில்கள் இருந்தால், பேரிங்கோ பல்லோ பெயர ஆரம்பித்துவிட்டது. புது கியர்பாக்ஸின் முதல் எண்ணெயில் துகள் கூடுதலாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; முகடுகள் தேய்ந்து ஒன்றுக்கொன்று படிகின்றன. அது குறைந்துகொண்டே வர வேண்டும். அந்த முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றிவிடுவது நல்லது, அந்தத் துகளே அடுத்த சிராய்ப்புக்கு வித்து.

ஷாஃப்டைக் கடினமாக்கி, மென்மையான புஷ் போட்டிருக்கோம். ஆனா தேஞ்சது ஷாஃப்டுதான். இது எப்படி?

நானும் முதன்முறை பார்த்தபோது நம்பவில்லை. ஒரு பம்பைப் பிரித்தோம். புஷ் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது, ஷாஃப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். புஷ்ஷின் உட்புறத்தை விரலால் தடவினேன், உப்புத்தாள்போல உறுத்தியது. லென்ஸில் பார்த்தால் மணல் துகள்கள் புஷ்ஷுக்குள் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மென்மையான உலோகம் துகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, ஷாஃப்ட் அதன்மேல் சுற்றிச் சுற்றி அறுபட்டது. ஆர்ச்சர்டு விதி சொல்லும் கடினத்தன்மை இரண்டு பாகங்களுக்கு நடுவே உள்ள கணக்கு. இங்கே மூன்றாவதாக மணல் வந்துவிட்டது, அது ஷாஃப்டைவிடக் கடினம்.

துகள் சிறியதாக இருந்தால், மென்மையான வெள்ளீய உலோகம் அதை முழுதாக விழுங்கிக்கொண்டு ஷாஃப்டைக் காப்பாற்றும். அந்த உலோகத்தை பேரிங்கில் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். துகள் பெரிதாக இருந்து தலை வெளியே நீண்டால்தான் வினை. ஷாஃப்டை இன்னும் கடினமாக்குவதற்கு முன், மணல் நுழையாமல் தடுக்கும் சீலையும் வடிகட்டியையும் பாருங்கள்.

பழுதான பாகம் கைக்கு வந்தா முதல்ல என்ன செய்யணும்?

துடைக்காதீர்கள். கழுவாதீர்கள். பேரிங் எந்தப் பக்கம் எப்படி இருந்தது, வெளிவளையத்தின் எந்த இடம் மேலே இருந்தது என்று கழற்றும் முன்னே மார்க்கரால் குறியுங்கள். படம் எடுங்கள். பழைய கிரீஸைக் கொஞ்சம் வெள்ளைத் தாளில் மெல்லியதாகத் தேய்த்துப் பாருங்கள், உலோகத் துகள் இருந்தால் மினுக்கும். தேய்ந்த பாகத்தோடு அதன் சோடியையும் சேர்த்து எடுத்துவையுங்கள். ஒன்றை மட்டும் அனுப்பி, இது ஏன் தேய்ந்தது என்று கேட்டால் யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

அளவு லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. இன்னும் ஓட்டலாமா?

அந்த ஓர் அளவை வைத்துச் சொல்ல முடியாது. போன முறை எவ்வளவு இருந்தது என்பதும் வேண்டும். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானம் பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வால்பகுதியின் கிடைத்தளத்தைச் சாய்க்கும் ஸ்க்ரூவின் நட் தேய்ந்திருந்தது. நட் அலுமினியம் வெண்கலம், ஸ்க்ரூ எஃகு. 1997 சோதனையில் அதன் பிளே 0.040 அங்குலம் என்று வந்தது, அனுமதித்த எல்லையும் அதுவே. மறுபடி அளந்தபோது 0.033 வந்ததால், மாற்றாமல் விட்டார்கள். விபத்துக்குப் பின் பார்த்தபோது நட்டின் மரைகளில் சுமார் 90 சதவீத தடிமன் தேய்ந்துபோயிருந்தது. ஸ்க்ரூ வேலை செய்யும் பகுதியில் பயன்படும் கிரீஸே இல்லை.

மசகு இருந்தவரை கிடைத்த தேய்மான வேகத்தை வைத்து, மசகு போன பிறகும் அதே வேகம் என்று நம்ப முடியாது. சோடியும் சூழலும் மாறினால் எண்ணும் மாறும் என்று முன்பு சொன்னது இங்கேயும் பொருந்தும். அதனால் அளவை எழுதும்போது தேதி, ஓடிய மணி, எந்தக் கருவியால் அளந்தது, கிரீஸ் எப்படி இருந்தது என்று நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒரே இடத்தை இரண்டு முறை அளந்து இரண்டு எண் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவது முறை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். கிரீஸ் நிப்பிளில் அடித்ததோடு விடாமல், மறுமுனையில் புது கிரீஸ் வெளியே வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு கிரீஸ் கன்னைக் கழற்றுங்கள்.